நான்கு நாடுகள், ஓர் அறை
(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற பருவத்தில் ஒருநாள் வகுப்பில் மிதத்தல் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆர்க்கிமிடீசின் தத்துவத்தையும் மிதப்பு மையத்தையும் கரும்பலகையில் விளக்கி முடித்த எங்கள் பேராசிரியர், வெள்ளக் காலங்களில் மீட்புப் படையினர் கொண்டுவரும் காற்றடைத்த ரப்பர்ப் படகு ஒன்றை வரைந்தார். "இதிலே சுற்றிலும் காற்றுக்குழாய், அடியிலே மட்டும் கெட்டியான படகு என்று ஒரு வகை உண்டு. அதை முதலில் உருவாக்கியவர்கள் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். கப்பற்படை என்றான் ஒருவன். அமெரிக்கா என்றான் மற்றொருவன். ஐயா சிரித்துக்கொண்டே, "ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள், தங்கள் தலைமையாசிரியரோடு சேர்ந்து செய்தார்கள். உங்களைவிட இரண்டு வயது இளையவர்கள்" என்றார். மணி அடித்துவிட்டது. ஐயா போய்விட்டார். அந்தச் செய்தி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அது எந்தப் பள்ளி? பள்ளி மாணவர்களுக்குப் படகுப் பட்டறையில் என்ன வேலை? நூலகத்திலும் கைப்பேசியிலுமாகச் சில வாரங்கள் தேடிப் படித்தேன். தேடியது படகை, கிடைத்ததோ ஒரு பள்ளியின் கதை. அதையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்ற சொல்லை நான் அறிந்ததெல்லாம் புறவழிச் சாலையோரத்து விளம்பரப் பலகைகளில்தான். கழுத்தில் டை கட்டிய நான்கு குழந்தைகள் அப்பலகைகளில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்பள்ளிகளில் படிக்கும் வெளிநாட்டார் எத்தனை பேர் என்று கேட்டால் விடை பெரும்பாலும் சுழியமாகத்தான் இருக்கும். உண்மையிலேயே பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாக உண்டு, உறங்கி, படிக்கும் பன்னாட்டு உறைவிடப் பள்ளி என்பது வேறு. அத்தகைய பள்ளிகளுள் ஒன்று வேல்ஸ் நாட்டில் உள்ள அட்லாண்டிக் கல்லூரி. பெயரில் 'கல்லூரி' என்று இருந்தாலும் அது நம் மேல்நிலை வகுப்புகளைப் போன்ற இரண்டாண்டுப் படிப்புக்கான பள்ளியே ஆகும்.

சிறை சென்ற தலைமையாசிரியர்

இப்பள்ளியின் கதை ஒரு தலைமையாசிரியரிடமிருந்து தொடங்குகிறது. அவர் பெயர் கர்ட் ஹான். 1886-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920-இல் தெற்கு ஜெர்மனியில் சேலம் என்னுமிடத்தில் ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். ஆம், நம் ஊர்ப் பெயரேதான். ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை.

1932-இல் நாஜிக் கட்சியினர் சிலர் ஒரு தொழிலாளியை அவர் தாயின் கண்ணெதிரிலேயே அடித்துக் கொன்றனர். அக்கொலைகாரர்களை இட்லர் வெளிப்படையாக ஆதரித்தார். உடனே ஹான், தம் பள்ளியின் பழைய மாணவர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார். சேலம் பள்ளியா, இட்லரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம். மறு ஆண்டு இட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஹான் சிறையில் அடைக்கப்பட்டார். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு உள்ளிட்டோரின் முயற்சியால் விடுதலை பெற்றுப் பிரிட்டனுக்குச் சென்றார். அங்கே 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்காக்கும் படகுகளில் ஏறிய மாலுமிகளுள் வயதானவர்கள் பலர் பிழைக்க, உடல்வலிமை மிக்க இளைஞர்கள் மனம் தளர்ந்து மடிந்தனர் என்பதை ஒரு கப்பல் நிறுவன உரிமையாளர் கண்டார். அவரும் ஹானும் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினர். உடல்வலிமை மட்டும் போதாது, இடரில் கலங்காத உள்ளமும் வேண்டும், அதைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பது ஹானின் கொள்கை. பிறர் உயிரைக் காப்பாற்றும் பொறுப்பை ஓர் இளைஞனிடம் நம்பிக் கொடுத்தால் அவனுள் உறங்கும் நல்லியல்புகள் எல்லாம் விழித்துக்கொள்ளும் என்றும் அவர் நம்பினார்.

1955-இல் பாரிசில் இருந்த வட அட்லாண்டிக் ஒப்பந்த நாடுகளின் படைத்துறைக் கல்லூரிக்கு ஹான் சொற்பொழிவாற்றச் சென்றார். பத்தாண்டுகளுக்கு முன் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் அதிகாரிகள் அங்கே ஒரே மேசையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தனர். நரை விழுந்த அதிகாரிகளுக்கு இது இயலுமென்றால் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் இயலாது என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அக்கல்லூரியின் தலைவராயிருந்த விமானப்படைத் தளபதி லாரன்ஸ் டார்வலும் துணை நின்றார். அந்த வினாவுக்கு விடையாகத்தான் 1962-ஆம் ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டிக் கல்லூரி பிறந்தது. அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. எத்தகைய காலத்தில் அந்தப் பள்ளியின் கதவு திறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

கடற்கரைக் கோட்டை

பள்ளி நடக்கும் இடம் செயின்ட் டோனட்ஸ் என்னும் பழைய கோட்டை. எண்ணூறு ஆண்டுப் பழமை கொண்டது. சில நூற்றாண்டுகள் ஒரே பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்த அதை, 1925-இல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் விலைக்கு வாங்கினார். வேறோர் ஊரிலிருந்த பழைய துறவிமடத்தின் கூடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து இக்கோட்டைக்குள் நிறுவிக்கொண்ட செல்வர் அவர்! பின்னர் அந்தோனின் பெஸ் என்ற வணிகர் பொருளுதவி செய்ய, கோட்டை பள்ளியாயிற்று. பிரபுக்கள் விருந்துண்ட இடத்தில் இன்று பல கண்டத்துப் பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நிற்கின்றனர்.

தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே பயின்றனர். 1967 முதல் மாணவியரும் சேர்க்கப்பட்டனர். படிப்பு இரண்டு ஆண்டுகள்; வயது ஏறத்தாழ பதினாறு முதல் பத்தொன்பது வரை. சீருடை கிடையாது.

இப்பள்ளியின் கிளைகள் பின்னர் உலகெங்கும் பரவின. 'யுனைடெட் வேர்ல்டு காலேஜஸ்' எனப்படும் இவ்வமைப்பில் இன்று பதினெட்டுப் பள்ளிகள் உள்ளன. கனடா, சிங்கப்பூர், இத்தாலி எனப் பல நாடுகளில் அவை இயங்குகின்றன. 1997 முதல் நம் நாட்டிலும், புனே நகருக்கு அருகே ஒரு குன்றின்மேல் ஒன்று நடந்துவருகிறது. இவ்வமைப்பைச் சாராத பன்னாட்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. நம் கொடைக்கானலிலேயே 1901-இல் அமெரிக்கப் பாதிரியார்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டு, 1970-களில் பன்னாட்டுப் பள்ளியாக மாறிய ஒன்று இருக்கிறது.

ஓர் அறையில் நால்வர்

அட்லாண்டிக் கல்லூரியின் மாணவர் இல்லங்களில் பொதுவாக ஓர் அறைக்கு நால்வர். இயன்றவரை நால்வரும் வெவ்வேறு நாட்டவராக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். 1962-இல் அங்கே ஜெர்மானிய மாணவனும் ஆங்கிலேய மாணவனும் ஒரே கூரையின்கீழ் உறங்கினார்கள். இருவரின் தந்தையரும் எதிரெதிர் அணியில் போரிட்டிருக்கக்கூடும். இன்றும் பகை நாடுகளின் பிள்ளைகள் இத்தகைய பள்ளிகளில் ஒன்றாக வாழ்கின்றனர்.

இது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் ஓர் அறையில் நால்வர் என்றால் என்ன என்று விடுதி மாணவர்களாகிய நமக்குத் தெரியும். விளக்கை எப்போது அணைப்பது, சன்னலைத் திறப்பதா மூடுவதா, எவன் துணி எவன் கயிற்றில் காய்வது என்பதிலேயே போர் மூண்டுவிடும். ஒருவர் தொழும் நேரம் மற்றவர் உறங்கும் நேரமாக இருக்கும். ஒருவர் உண்பதை மற்றவர் தொடவும் மாட்டார். ஹானின் பள்ளியில் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. உலக அமைதியைப் பற்றிச் சொற்பொழிவு கேட்பது எளிது; பக்கத்துக் கட்டிலுக்காரன் குறட்டையைப் பொறுத்துக்கொள்வதுதான் கடினம்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. முதலாம் ஆண்டில் எங்கள் விடுதி அறையிலும் நாங்கள் நால்வர். மூவர் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். நான்காமவர் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். அவர் பேசும் தமிழ் எங்கள் தமிழைப்போல் இருக்காது. சில சொற்கள் வேறு; இழுப்பு வேறு. நாங்கள் அதைப் பேசிக்காட்டிச் சிரிப்போம். முதலில் அவரும் சிரித்தார். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பிறகு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து உண்ணத் தொடங்கினார். பேசிக்காட்டியவன் நானில்லை, ஆனால் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் பருவத்துக்கு அவர் திரும்பி வரவில்லை. வீட்டில் பணமுடை என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டில் காலியாகவே கிடந்த மாதங்களில், பணமுடை மட்டும்தானா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதுண்டு.

ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் நால்வரால் ஓர் அறையில் வாழ முடியவில்லை. நான்கு நாட்டுப் பிள்ளைகள் வாழக் கற்றுக்கொள்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதன்று. அங்கே கலந்து வாழ்வதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல், அதையும் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆறு பாடங்களும் ஒரு கேள்வியும்

இனிப் படிப்புக்கு வருவோம். பல நாட்டுப் பிள்ளைகள் ஓரிடத்தில் படித்தால் எந்த நாட்டுப் பாடத்திட்டத்தை வைப்பது? இச்சிக்கலைத் தீர்க்க ஜெனீவாவில் 1968-இல் நிறுவப்பட்டதுதான் 'இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்' என்னும் பன்னாட்டுத் தேர்வு முறை. சுருக்கமாக 'ஐ.பி.' என்பர். அதன் வளர்ச்சியில் பங்குகொண்ட அட்லாண்டிக் கல்லூரி, 1971-இல் பிரிட்டிஷ் தேர்வுகளைக் கைவிட்டு முழுவதுமாக இம்முறைக்கு மாறியது.

இதன்படி ஒவ்வொரு மாணவரும் ஆறு பாடங்கள் படிக்கவேண்டும். தாய்மொழி அல்லது தாம் நன்கறிந்த மொழியின் இலக்கியம், இன்னொரு மொழி, வரலாறு பொருளாதாரம் போன்ற ஒரு சமூகப் பாடம், ஓர் அறிவியல், கணிதம், இவற்றோடு ஒரு கலைப்பாடம் அல்லது அதற்கு ஈடாக வேறொரு பாடம். ஆறில் மூன்றை ஆழமாகவும் மூன்றை அளவாகவும் படிப்பது பொது வழக்கம். அறிவியல் எடுத்தவன் இலக்கியத்துக்கு விடைகொடுக்க முடியாது. இலக்கியம் எடுத்தவன் கணக்கைக் கண்டு ஓட முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் உயர்ந்த மதிப்பெண் 7. ஆறு பாடங்களுக்கு 42. மேலும் 3 சேர்த்து மொத்தம் 45.

அந்த 3 மதிப்பெண் எதற்கு? இரண்டு செயல்களுக்கு. ஒன்று, தாமே தேர்ந்தெடுத்த பொருளில் ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலோடு 4,000 சொற்களுக்கு மிகாமல் எழுதும் ஆய்வுக்கட்டுரை. மற்றொன்று 'அறிவுக் கோட்பாடு' என்னும் பாடம். ஒரு செய்தி உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்பதே இப்பாடத்தின் அடிப்படைக் கேள்வி. வரலாற்றாசிரியர் உண்மை என்பதும், கணித அறிஞர் உண்மை என்பதும், ஓவியர் உண்மை என்பதும் ஒன்றுதானா என்று பதினேழு வயதில் விவாதிக்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் செய்முறைப் பதிவேடு நினைவுக்கு வந்தது. தனி ஊசல் சோதனையில் எனக்கு எப்போதும் 9.8 தான் விடையாக வந்திருக்கிறது. ஒருமுறைகூட 9.5 வந்ததில்லை. அதன் இரகசியம் பேராசிரியப் பெருமக்கள் அறியாததன்று! விடை முன்பே தெரியும். சோதனையை விடைக்கு ஏற்ப வளைத்துக்கொள்கிறோம். ஐ.பி. அறிவியல் பாடத்தில் மாணவர் தாமே ஒரு கேள்வியை எழுப்பி, சோதனையை வகுத்து, கிடைத்த விடையில் பிழை எங்கே, எவ்வளவு என்று எழுதவேண்டும். பிழையை மறைப்பவரைவிடப் பிழையைக் கண்டு சொல்பவருக்கே மதிப்பு. 9.5 வந்தால் ஏன் வந்தது என்று கேட்பதுதானே இயற்பியல்?

இன்னொரு செய்தி என் உள்ளத்தைத் தொட்டது. ஒரு மாணவரின் தாய்மொழியைக் கற்பிக்க அப்பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றாலும், அம்மொழியின் இலக்கியத்தைத் தாமே படித்துத் தேர்வெழுத ஐ.பி. முறையில் வழி உண்டு. ஆயிரக்கணக்கான கல் தொலைவுக்கு அப்பால் சென்றாலும் தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு இங்கே ஆங்கிலப் பாடநூலின் முன் விழித்து நின்ற என்னைப் போன்றோருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கடல் தந்த பாடம்

இப்போது நாம் தொடங்கிய படகுக்குத் திரும்புவோம். காலையில் வகுப்பு என்றால், வாரத்தில் சில பிற்பகல்கள் தொண்டுக்கு உரியவை. முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் உதவுதல், பண்ணை வேலை, கடலோரக் காவல் எனப் பல பிரிவுகள். படைப்பு, உடற்செயல், தொண்டு ஆகிய மூன்றும் ஐ.பி. பட்டயத்துக்கே கட்டாயமானவை. இவற்றை நிறைவேற்றாதவர் எத்தனை மதிப்பெண் பெற்றாலும் பட்டயம் பெற முடியாது.

கோட்டைக்குக் கீழே இருப்பது பிரிஸ்டல் கால்வாய். அதன் ஏற்றவற்றம் உலகப்புகழ் பெற்றது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவுக்கு அடுத்தபடி உலகிலேயே மிகப்பெரிய ஏற்றவற்றங்களுள் ஒன்று என்பர். கால்வாயின் உட்பகுதியில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 14 மீட்டர் வரை செல்லும். ஏறத்தாழ நான்கு மாடி உயரம்! காரணம் என்ன? அட்லாண்டிக் பெருங்கடலின் நீர் அகன்ற வாய் வழியே நுழைந்து, புனல்போல் குறுகிக்கொண்டே செல்லும் கால்வாயில் நெருக்கப்படுகிறது. மேலும், அந்நீர்ப்பரப்பு இயல்பாக அலைந்தாடும் காலம், ஏறத்தாழ 12½ மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் ஓதத்தின் காலத்துக்கு நெருங்கி இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிட்டால் வீச்சு கூடுமல்லவா? அதே ஒத்ததிர்வுதான் இங்கும்.

இத்தகைய கடலில் மாணவர்கள் பாய்மரப் படகு ஓட்டப் பழகினால் அவர்களைக் காக்கப் பாதுகாப்புப் படகு வேண்டும். முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர் கடற்படைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மரப்படகு பாய்மரப் படகில் மோதினால் இரண்டுக்கும் சேதம். காற்றடைத்த ரப்பர்ப் படகு மென்மையானது. ஆனால் அதன் துணி அடிப்பாகம் கூழாங்கல் கரையிலும் சரிவுத்தளத்திலும் உராய்ந்து விரைவில் கிழிந்துவிடும். அலைமேல் வேகமாகச் செல்லும்போது வளைந்து நெளியும். ஆகவே ஹோரும் மாணவர்களும் ரப்பர்ப் படகின் அடியில் ஒட்டுப்பலகையைப் பொருத்திப் பார்த்தனர். பெயர்ந்துவிட்டது. மீண்டும் செய்தனர். பல ஆண்டுகள், பல வடிவங்கள். இறுதியில் அலையைக் கிழிக்கும் கூரிய அடிப்பகுதியும், சுற்றிலும் காற்றுக்குழாயும் கொண்ட படகு உருவாயிற்று. கெட்டியான அடிப்பகுதி வேகத்தையும் திசையையும் தர, காற்றுக்குழாய் மிதப்பையும் நிலைப்பையும் தருகிறது. உள்ளே நீர் நிரம்பினாலும் மூழ்குவதில்லை.

பிரிட்டனின் உயிர்மீட்புப் படகுத் தொண்டு நிறுவனமான ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் இவ்வடிவத்தை ஏற்று, 'அட்லாண்டிக் 21' என்று பள்ளியின் பெயரையே சூட்டி, 1972 முதல் பயன்படுத்தியது. இதன் காப்புரிமையை ஹோர் அந்நிறுவனத்துக்குக் கொடுத்தது ஒரே ஒரு பவுனுக்கு! இன்று உலகின் கடலோரக் காவற்படைகள் பல இவ்வகைப் படகையே பயன்படுத்துகின்றன. விற்றிருந்தால் கோடீசுவரர் ஆகியிருக்கலாம்.

பள்ளியிலேயே 1963 முதல் 2013 வரை அந்நிறுவனத்தின் மீட்பு நிலையம் ஒன்று இயங்கியது. அதன் படகுகளைச் செலுத்தியவர்கள் மாணவர்களே. 1969-இல் நார்வே நாட்டு மாணவி ஒருவர் தமது பதினெட்டாம் வயதில் அந்நிறுவனத்தின் கரையோர மீட்புப் படகுக்குத் தலைமை தாங்கும் தகுதி பெற்றார். அத்தகுதியைப் பெற்ற முதல் பெண் அவரே. விபத்துச் செய்தி வந்தால் அவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு ஓடவேண்டியிருந்தது. கடலில் தத்தளிப்பவருக்குத் தம்மைத் தூக்குபவர் எந்த நாட்டார் என்ற கவலை இல்லை. தூக்குபவர்களுக்கும் தம்மோடு துடுப்புப் பிடிப்பவர் எந்த நாட்டார் என்று எண்ண நேரமில்லை. ஒற்றுமை என்பது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பதால் வருவதன்று. இருவரும் சேர்ந்து மூன்றாமவர் ஒருவருக்கு உதவும்போது அது தானே வருகிறது.

குன்றின்மேல் பதினாறு மாணவர்

பள்ளி வேறு கண்டத்துக்குச் சென்றாலும் கருத்து மாறவில்லை என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலம். 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியான, தாழ்ந்த கல்வியை வகுத்திருந்தது. மைக்கேல் ஸ்டெர்ன் என்ற ஆங்கிலேய ஆசிரியர், அந்நாட்டுக்குள் எல்லா இனத்தாருக்கும் ஒரே பள்ளி நடத்த இயலாது என்று கண்டு, எல்லை தாண்டி அண்டை நாடான சுவாசிலாந்துக்குச் சென்றார். 2018 முதல் அந்நாட்டின் பெயர் எசுவாத்தினி. அங்கே ஒரு குன்றின்மேல் 1963-இல் பதினாறு மாணவர்களோடு வாட்டர்ஃபோர்டு பள்ளி தொடங்கியது. பின்னர் 1967-இல் மன்னர் இரண்டாம் சோபுசா 'கம்லாபா' என்று பெயர் சூட்டினார். வேற்றுமையின்றி அனைவரும் இம்மண்ணின் மக்கள் என்ற கருத்துடைய பெயர் அது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபோது அவருடைய மகள்கள் இப்பள்ளியில்தான் படித்தார்கள். 1981-இல் இதுவும் அட்லாண்டிக் கல்லூரியின் குடும்பத்தோடு இணைந்தது.

வெள்ளை, கறுப்புப் பிள்ளைகள் ஒரே பேருந்தில் செல்ல முடியாத நாட்டுக்குச் சில மணி நேரத் தொலைவில், அதே பிள்ளைகள் ஒரே மேசையில் உண்டார்கள். சட்டம் பிரித்ததை ஓர் உணவுக்கூடம் சேர்த்தது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் ஏதுமில்லை. ஆயினும் நம் விடுதி உணவுக்கூடத்தில் எந்த வரிசையில் யார் யாரோடு அமர்கிறார்கள் என்பதை ஒருநாள் உற்றுப் பாருங்கள். நான் மேலும் சொல்லவேண்டியதில்லை.

யார் சேரலாம்?

இத்தனையும் படித்துவிட்டு நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு, நமக்கென்ன?" நானும் அப்படித்தான் எண்ணினேன். உண்மையில் கட்டணம் ஆண்டுக்குப் பல இலட்சம் ரூபாய். பன்னாட்டு உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பணம் படைத்தோரே பயில்கின்றனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பல நாட்டார் கூடியிருந்தாலும் எல்லோரும் ஒரே வசதிபடைத்த வகுப்பாராக இருந்துவிட்டால் அதுவும் ஒருவகை ஒற்றை ஊர்தான்.

அட்லாண்டிக் கல்லூரியைச் சார்ந்த பள்ளிகளின் முறை இதில் சற்று வேறுபட்டது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இவற்றுக்குத் தேர்வுக் குழுக்கள் உள்ளன, இந்தியாவிலும் உண்டு. மதிப்பெண்ணை மட்டும் பாராமல், மாணவரோடு பேசியும் குழுவாக விவாதிக்க வைத்தும் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வு பெற்றவரின் குடும்ப வருவாயைப் பார்த்து உதவித்தொகை வழங்குகிறார்கள். முழு உதவியும் உண்டு. அகதி முகாமிலிருந்து வந்து படித்தவர்களும் இருக்கிறார்கள். இப்பள்ளிகளில் படித்து முடித்தவர் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர 2000-ஆம் ஆண்டு முதல் டேவிஸ் என்னும் செல்வரின் உதவித்தொகையும் கிடைக்கிறது.

ஆனால் உதவித்தொகை இருப்பது வேறு. அது இருப்பது தெரிவது வேறு. பதினாறு வயதில் எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லியிருந்தாலும் ஆங்கில விண்ணப்பத்தைப் பார்த்து நான் பயந்திருப்பேன். நகரத்து ஆங்கிலப் பள்ளி மாணவருக்குக் காற்றைப்போல் இயல்பாக வந்துசேரும் செய்தி, நம் சிற்றூர்களுக்கு வந்துசேர நான்கு ஆண்டு தாமதமாகிறது. எனக்கு இப்போது இருபது வயது. அந்தப் பேருந்து போய்விட்டது. அதற்காக நான் வருந்தவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் என் தங்கை இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு வயது இருக்கிறது. சென்ற விடுமுறையில் இப்பள்ளிகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். "அவ்வளவு தூரமா?" என்று அம்மா கேட்டார். தங்கை ஒன்றும் சொல்லவில்லை; இரவு உறங்கப் போகுமுன், "அந்தப் படகு கதையை இன்னொரு தரம் சொல்லுண்ணா" என்றாள்.

நாம் செய்யக்கூடியவை

கோட்டையும் கடலும் நமக்கு இல்லை. ஆனால் அந்தப் பள்ளியின் உயிர் அவற்றில் இல்லை என்பதே நான் கண்டது. அது மூன்றில் இருக்கிறது: வேறுபட்டவரோடு ஓர் அறையில் வாழ்வது, விடையைவிடக் கேள்வியை மதிப்பது, பிறர்க்கு உண்மையாகப் பயன்படும் பொறுப்பை இளைஞரிடம் நம்பிக் கொடுப்பது. இவற்றுள் எதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும்?

விடுதியில் அறை ஒதுக்கும்போது ஊரும் உறவும் பார்த்துக் கேட்டு வாங்காமல், வெவ்வேறு ஊராரும் பாடத்தாரும் கலந்திருக்கும்படி ஒதுக்கக் காப்பாளரை நாமே வேண்டலாம். பதிவேட்டில் 9.5 என்று துணிந்து எழுதி, அதன் காரணத்தைக் கீழே எழுதலாம். பேராசிரியர்களும் அதற்கு மதிப்பெண் தந்து ஊக்க வேண்டுகிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் வாய்க்கால் தூர்வாரிவிட்டுச் சான்றிதழோடு திரும்புகிறோம். அந்த வாய்க்காலில் அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்ததா என்று போய்ப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஆண்டு முழுவதும் அது நம் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டால் அதுவே நமது மீட்புப் படகு. நம் ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று, பதினாறு வயதுத் தம்பி தங்கையரிடம் இன்னின்ன வாய்ப்புகள் உள்ளன என்று சொல்வதும் நம்மால் இயலும்.

இவ்வாண்டு எங்கள் அறையில் அந்தக் காலிக் கட்டிலுக்குப் புதிய மாணவர் ஒருவர் வந்திருக்கிறார். தென்கோடி மாவட்டத்துக்காரர். அவர் பேச்சிலும் எங்களுக்குப் புரியாத சொற்கள் பல உண்டு. முதல் நாள் அவர் ஒரு சொல்லைச் சொன்னபோது அறையில் ஒருவன் சிரிக்க வாயெடுத்தான். நான் அச்சொல்லின் பொருளைக் கேட்டேன். அவர் சொன்னார். இப்போது அந்தச் சொல்லை நாங்கள் நால்வரும் பயன்படுத்துகிறோம்.